சொல்லிவிட்டு வருவதும் சொல்லாமல் வருவதும்

தென்காசி வாசகி ஒருவரின் கேள்வி, 8 மார்ச் 2025

என் மகள் மேற்படிப்புக்காக ஸ்டுட்கார்ட் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், அழைப்புமணிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்கிறாள். முகம் தெரியாது என்கிறாள். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ஒருவரும் கதவைத் தட்டவில்லையாம். ஜெர்மன்காரர்களுக்கு ஒட்டுதலே கிடையாது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அது சரிதானா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

9 மார்ச் 2025

சரியில்லை என்பதே என் எண்ணம். நான் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் ஸ்டுட்கார்ட்டை ஒட்டி நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் எஸ்லிங்கனில் நெடுங்காலம் குடியிருந்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருக்கிறேன். அந்த மக்களிடம் ஒட்டுதல் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒட்டுதல் இருக்கிறது, நம் வீடுகளுக்குள் அது வருகிற வழி வேறு, அங்கே வருகிற வழி வேறு.

எங்கள் தெருவில் காலையில் திறந்த வாசற்கதவு இரவு படுக்கப் போகும்போதுதான் அடைபடும். பக்கத்து வீட்டு ஆச்சி பட்டாசலை, அதாவது முன்கூடத்தை, கடந்து நேரே அடுக்களைக்கு வந்து, "ஏட்டி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று சட்டியைத் திறந்து பார்ப்பாள். யாராவது வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால்தான் அம்மாவுக்குப் பதற்றம் வரும். ஏதோ பெரிய விஷயம் என்று பொருள். எஸ்லிங்கனில் வருகிற நாளையும் நேரத்தையும் முன்னதாகச் சொல்வதுதான் அன்பு. அப்படிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டம்மாள் தன் வேலைகளை ஒதுக்கிவைத்து, கேக் சுட்டு, மேசைவிரிப்பை மாற்றி, உங்களுக்காகவே அந்த மாலையை வைத்திருப்பார். சொல்லாமல் போய் மணியை அடிப்பது, செருப்புக் காலோடு பட்டாசலுக்குள் நடப்பதைப் போன்றது.

உங்கள் மகளின் காய்ச்சலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். யாரிடமாவது அவள் சொன்னாளா? சொல்லியிருந்தால் மருந்துக் கடைக்குப் போய் வர அந்தக் கட்டடத்திலேயே ஆள் கிடைத்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சொல்லாமலே தெரிந்துகொள்ளும் கண், அங்கே அடுத்த வீட்டின் பக்கம் திரும்புவதில்லை. திரும்பக் கூடாது என்று அவர்களைச் சிறு வயதிலிருந்தே வளர்த்திருக்கிறார்கள்.

10 மார்ச் 2025

ஒன்று விட்டுப்போயிற்று. அங்கே நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் பார்சல் வந்தால், கொண்டு வருபவர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யார் வாங்கிக்கொண்டார் என்று ஒரு சீட்டு எழுதி நம் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். முகம் தெரியாத அண்டை வீட்டார் மாலையில் பார்சலும் கையுமாக நிற்பார்கள். என் முதல் பழக்கங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். பிறகு ஒரு கோடை விடுமுறையில், எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். சாவியைக் கையில் கொடுப்பவர்களை ஒட்டுதல் இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

13 மார்ச் 2025

வள்ளியூர் அண்ணாச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். நம் பக்கத்தில் வீட்டுக்கு நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்து அழைக்காவிட்டால் சொந்தத் தம்பி மகன் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டோமே, அப்படியிருக்க நம்மைச் "சொல்லாமல் வருகிறவர்கள்" என்று எப்படிச் சொல்லலாம் என்கிறார். நியாயம். தபாலில் வந்த பத்திரிகையை மதிப்பில்லை என்று ஒதுக்கிவைத்த குடும்பங்களை நானே அறிவேன். இப்போது கைப்பேசியில் படமாக அனுப்பிவிட்டு, "நேரில் வந்ததாகப் பாவித்து" என்று எழுதினாலும் பெரியவர்கள் ஏற்பதில்லை.

ஆகவே முதல் நாள் எழுதியதை இன்னும் நுட்பமாகச் சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, யாரும் யாரையும் அழைப்பதில்லை. செய்தி காதில் விழுந்ததும் கிளம்ப வேண்டும். திரும்பும்போது சொல்லிக்கொள்ளாமல் வர வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கோ எந்த முறையும் வேண்டாம். ஜெர்மனியில் இந்த மூன்றுக்கும் ஒரே வழிதான்: கல்யாணமோ, காப்பி குடிக்க வருவதோ, சாவோ, எல்லாவற்றுக்கும் நாள் குறித்துச் சொல்லியாக வேண்டும். எனக்கு உண்மையில் கடினமாக இருந்தது மூன்றாவதுதான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

16 மார்ச் 2025, ஞாயிறு

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகளே திறக்காதா என்று இரண்டு பேர் கேட்டிருப்பதால் முதலில் அது.

ஆம், கடைகள் மூடித்தான் இருக்கும். ரயில் நிலையங்களில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்குகள், சில மணி நேரம் மட்டும் திறக்கும் ரொட்டிக் கடைகள் தவிர மற்றவை பெரும்பாலும் திறப்பதில்லை. இதை வெறும் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாள் என்று ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1949-இல் இயற்றிய இன்றைய அரசியல் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. கடை மூடும் நேரத்துக்கென்றே 1956-இல் ஒரு சட்டம் வந்தது. 1996 வரை வேலை நாள்களில் பொதுவாக மாலை ஆறரை மணிக்கே கடை அடைத்துவிடுவார்கள். 2006-க்குப் பின் அந்த நேரங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போய் வார நாள்களில் தளர்வு வந்தாலும், ஞாயிறு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

அன்று சுவரில் துளை போடக் கூடாது, புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது, காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது. மாவு அரைக்கலாமா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பழைய கட்டடங்களில் மரத்தளம். கீழ் வீட்டுக் கூரை அதிரும். சனிக்கிழமை பகலிலேயே இட்லி மாவை ஆட்டி வைத்துவிடுவது என்று நான் ஏற்பாடு செய்துகொண்டேன். குளிர்காலத்தில் அது புளிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், எனவே ஞாயிறு இரவுக்குத்தான் இட்லி.

முதல் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்னைக் கொன்றன. பின்னாளில் அந்த நாளுக்காகவே வாரத்தைத் தள்ளினேன். காலையில் குடும்பம் குடும்பமாகத் திராட்சைத் தோட்டச் சரிவுகளில் நடப்பார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்தும் பேசாத அதே மனிதர், நடைபாதையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார்.

17 மார்ச் 2025

அங்கே இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தம் கூடாது என்பதை ஒருவர் அடக்குமுறை என்று எழுதியிருக்கிறார். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளும் ஒலிபெருக்கிக்கு அதே பத்து முதல் ஆறு வரைதான் தடை சொல்கின்றன. விதி ஒன்றுதான், நடப்பு வேறு. மார்கழியில் நாலரை மணிக்குக் கோயில் குழாய் பாடத் தொடங்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் மருத்துவமனை இருக்கும் தெருவில், இரவு முழுவதும் கண்விழித்த செவிலியர் தூங்கப் போகும் நேரத்தில், அது வேண்டாம் என்று சொல்லும் துணிவை எனக்கு எஸ்லிங்கன் கொடுத்திருக்கிறது.

20 மார்ச் 2025

சாவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அதற்கு முன் ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வாபியப் பகுதியில் "கேர்வோகெ" என்று ஒரு முறை உண்டு. ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து மாடிப்படியையும் பொது நடையையும் பெருக்கித் துடைக்க வேண்டும். பல வீடுகளில் இது வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு சிறிய பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அவர் அதை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார். எங்கள் கட்டடத்துப் பலகை உள்ளங்கை அகலம் இருக்கும். ஓரங்கள் தேய்ந்து, சணல் கயிறு பலமுறை மாற்றப்பட்டது. நம் ஊரில் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண்ணுக்குப் படிக்கட்டு துடைப்பது பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் இங்கே என் வாசல் என்னுடையது. அங்கே நான் துடைத்த படியில் முதலில் கால் வைப்பவர் மேல்வீட்டுக்காரர். அது வேறுவிதமான பொறுப்பு.

மேல்மாடியில் வயதான தம்பதி. ஒரு பிப்ரவரியில் அந்தப் பெரியவர் மருத்துவமனையில் இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான். கேட்ட மாத்திரத்தில் கால் மேலே போகத் துடித்தது. நம் ஊரில் அந்நேரம் தெருவே அந்த வீட்டில் இருக்கும்; பெண்கள் உள்ளேயும் ஆண்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பார்கள்; துஷ்டி வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்திலிருந்து காப்பியும் சோறும் போகும். மேலே ஒரு சத்தமும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: அந்த அம்மாள் இப்போது தனியாக இருக்க விரும்புவார், மகன் இரவு வருகிறான், கறுப்புக் கரையிட்ட அட்டை எல்லாருக்கும் வரும்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த வாரம் அந்த அம்மாளின் முறை. பலகை அவர் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மணி அடிக்காமல் மேலே ஏறி, பலகையைக் கழற்றி என் கதவில் மாட்டிக்கொண்டு, மூன்று மாடிப் படியையும் துடைத்தேன். துடைத்து முடித்தபின் ஒரு பாத்திரத்தில் பருப்பு சூப் வைத்து, துணிப்பையில் போட்டு, அதே கதவுப் பிடியில் தொங்கவிட்டு இறங்கிவந்தேன்.

அட்டை வந்தது. அடக்கம் ஒரு வாரம் கழித்துத்தான் நடந்தது. அதற்குள் மகனும் உறவினரும் வந்து, நாளிதழில் அறிவிப்பு வந்து, எல்லாம் ஒழுங்காயிருந்தது. கல்லறையில் ஒவ்வொருவராகப் போய் ஒரு பிடி மண் போட்டோம். அழுகைச் சத்தம் இல்லை, கைக்குட்டைகள் மட்டும். பிறகு பக்கத்து விடுதியில் காப்பியும் கேக்கும். அங்கேதான் பேச்சு தொடங்கியது: இறந்தவர் எப்படிச் சீட்டாடுவார், எந்த மலைக்கு ஆண்டுதோறும் போவார் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள், சிரிக்கவும் செய்தார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டே இறந்தவரைப் பற்றிப் பேசுவோமே, அந்தப் பேச்சுக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களுக்குப் பின் கழுவிய பாத்திரம் என் கதவில் தொங்கியது. உள்ளே ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாமும், ஞாயிறு மூன்றரை மணிக்குக் காப்பிக்கு வர முடியுமா என்று ஒரு சீட்டும் இருந்தன. போனேன். படியைத் துடைத்தது யார் என்று தனக்குத் தெரியும் என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் உயிரோடு இருந்தவரை மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்கு என்று ஆயிற்று. கல்லறைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் சேர்ந்து போவோம்.

23 மார்ச் 2025

"ஆயிரம் சொன்னாலும், அன்றிரவு மேலே போய் அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும்" என்று சேரன்மகாதேவியிலிருந்து ஒரு மதினி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைப் பலமுறை படித்தேன். நம் வழக்கத்தில் ஓர் அறிவு இருக்கிறது: துக்கத்தில் இருப்பவளிடம் போய் "வரலாமா?" என்று கேட்டால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், ஆகவே கேட்கக் கூடாது. அவர்கள் வழக்கத்திலும் ஓர் அறிவு இருக்கிறது: முதல் நாள் அழுகையை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அழுகிறவருக்கே உண்டு. என் மாமனார் இறந்தபோது, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து எப்படி நடந்தது என்று சொல்லிச் சொல்லி மாமியார் மயங்கி விழுந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதே மாமியார், அத்தனை பேர் வந்ததால்தான் அந்த வாரத்தைக் கடந்தேன் என்று பின்னாளில் சொன்னார். இரண்டில் ஒன்றை இழிவாகப் பேச என்னால் ஆகாது.

30 மார்ச் 2025

சிறு குறிப்பு, தாய்மாருக்கு. இன்று அதிகாலை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். இனி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. காலை ஆறு மணிக்குக் காப்பியைக் குடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டால் அங்கே இரவு இரண்டரை. அறைத் தோழியும் சேர்ந்து எழுந்திருப்பாள்.

3 ஏப்ரல் 2025

அழைப்புமணிப் பெயரைப் பற்றி. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. குடும்பப் பெயர்தான் முகவரி. தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துத்தான். கடவுச்சீட்டில் அந்த இடத்தை நிரப்ப என் கணவரின் தந்தை பெயர் போய் உட்கார்ந்தது. அதுவே எங்கள் மணியிலும், என் சம்பளச் சீட்டிலும், மகனின் பள்ளிப் பதிவேட்டிலும் வந்தது. நாள் முழுவதும் எல்லாரும் என்னை மாமனார் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

மாமியார் ஒரு கோடையில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். அவர் தன் கணவரின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்ததால் அவனையும் "ஐயா" என்றுதான் அழைப்பார். நான் வெளியே போயிருந்த நேரத்தில் பார்சல் கொண்டு வந்தவர் பெயர் கேட்டிருக்கிறார். கேள்வி இவருக்குப் புரிந்திருக்கிறது. அவரைக் கீழ்வாசல் வரை அழைத்துப் போய் மணிப் பலகையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் பார்சலைக் கொடுத்துப் போயிருக்கிறார். மாலையில் மாமியார் சேலை முந்தானையால் அந்தப் பெயர்ப்பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

12 ஏப்ரல் 2025

நேற்றுப் பங்குனி உத்திரம். எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போய்வந்தோம். சென்னை, மும்பை, துபாய் என்று எங்கெங்கோ இருக்கிற குடும்பங்கள் வந்திருந்தன. பொங்கல் பானைகளுக்கு அடுப்பு மூட்ட இடம் இல்லை. அங்கே நிற்கும்போது இந்த விவாதம்தான் மனத்தில் ஓடியது. யாரும் யாருக்கும் பத்திரிகை அனுப்பவில்லை, யாரும் வருகிறேன் என்று தகவல் சொல்லவில்லை. ஆனாலும் இது சொல்லாமல் வருவது ஆகாது. பஞ்சாங்கம் சொல்லிவிட்டது, ஊர் முழுவதுக்கும் ஒரே நாட்குறிப்பு. எஸ்லிங்கனில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தனித்தனி நாட்காட்டி தொங்கும், அதில் ஒரு கட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நாமும் முன்னறிவிப்பின்றி வாழ்கிறவர்கள் அல்ல. நம் அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவானது.

ஜெர்மனியில் வாழும் இலங்கைத் தமிழர்கள் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் கட்டி 2002-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். ஆண்டுதோறும் தேர் தெருவில் வருகிறது. நெல்லையப்பர் ஆனித் தேரை நினைத்துக்கொண்டு நான் அங்கே வடம் தொட்டிருக்கிறேன். சாலையை மூடக் காவல்துறை அனுமதி உண்டு, எல்லாம் நேரம் குறித்தது. பஞ்சாங்கமும் அலுவலகக் கடிதமும் அங்கே சேர்ந்து தேர் இழுக்கின்றன.

14 ஏப்ரல் 2025

தன் ஊர்ப் பெயருக்கும் ஜெர்மனிக்கும் தொடர்பு உண்டா என்று டோனாவூரிலிருந்து கேட்டு எழுதியவருக்கு நன்றி. ஆம், உங்கள் ஊரின் பெயரே பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் டோனா பிரபுவிடமிருந்து வந்ததுதான். பணம் கொடுத்தது அவர், ஊரை ஏற்படுத்தியது ரேனியஸ். பிரஷ்யாவில் பிறந்த அந்தப் பாதிரியார் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார், தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார், 1838-இல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். அவர் வீட்டு வாசலிலும் நம் ஆச்சிமார் நேரம் பார்க்காமல் வந்து நின்றிருப்பார்கள். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று அறிய எனக்கு ஆசை.

16 ஏப்ரல் 2025

தென்காசித் தங்கை, அண்டை வீட்டாரோடு பழக மகள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 20 ஈஸ்டர். அதை ஒட்டிப் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே மே 4, ஞாயிறு, மூன்றரை மணி முதல் ஐந்தரை வரை என்று தொடக்கமும் முடிவும் எழுதி, தன் பெயரும் எந்த மாடி என்பதும் குறிப்பிட்டு, ஒவ்வொரு தபால் பெட்டியிலும் காப்பிக்கு அழைப்புச் சீட்டுப் போடச் சொல்லுங்கள். வர இயலுமா என்று பதில் கேட்டு எழுத வேண்டும், பதில் வரும். உளுந்த வடை போதும், காரம் குறைவாக. கேக்கை யாராவது கேட்காமலே கொண்டு வருவார்கள். மூன்றரை என்றால் மூன்றரைக்கே வந்துவிடுவார்கள், அதற்குள் வடை சுட்டு முடித்திருக்க வேண்டும். இன்னும் வேண்டுமா என்று கேட்டு அவர்கள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், தட்டில் வைக்கக் கூடாது. அவர்கள் வீட்டில் அவளுக்குப் பரிமாறும்போது அவளும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிட வேண்டும், இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். கட்டடத்தில் ஒரு வீட்டையும் விடாமல் சீட்டுப் போடச் சொல்லுங்கள். விட்டுப்போனால் அங்கேயும் மனக்குறைதான்.